பெரியம்மாவின் இருபதாயிரம்: வரி விபரத்திரட்டை நவம்பர் வரை ஏன் தள்ளிப்போடக் கூடாது?

கட்டுகஸ்தோட்டையில் மகனோடு வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வங்கியிலிருந்து கணக்குக் கூற்று ஒன்று வந்திருந்தது. வட்டக்கச்சியில் இருந்த காணியை விற்ற காசு 25 இலட்சம் ரூபா நிலையான வைப்பில் கிடக்கிறது. ஆண்டு வட்டி 8 வீதம். 2 இலட்சம் வரவேண்டிய இடத்தில் 1 இலட்சத்து 80 ஆயிரம்தான் வந்திருந்தது. மிச்சம் 20,000 ரூபா எங்கே என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. கூற்றைப் பார்த்த நான்தான் கேட்டேன்.

"அரசாங்கம் எடுத்திருக்கும் பிள்ளை. எடுத்தா எடுத்ததுதான்" என்றார்.

வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு ஓடி, 2009இல் செட்டிகுளம் முகாமில் வரிசையில் நின்றவர் அப்படிச் சொல்வதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் இந்த 20,000 ரூபா திரும்பக் கிடைக்கக்கூடிய காசு. கேட்டால்தான் கிடைக்கும். கேட்கும் வழிதான் வருமான வரி விபரத்திரட்டு.

2025 ஏப்ரல் 1ஆம் திகதி முதல், வைப்பு வட்டியில் வங்கி பிடித்துக்கொள்ளும் முற்பண வருமான வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. அதே நாளிலிருந்து ஒருவருக்கான வரிவிலக்கு வரம்பும் ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. முதலாவது செய்தி வட்டியில் கை வைத்ததால் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைச் சம்பளக்காரர்கள் மட்டும்தான் கவனித்தார்கள். பெரியம்மாவின் ஆண்டு வருமானம் அந்த 2 இலட்சம் வட்டி மட்டுமே. கனடாவிலிருந்து மகள் அனுப்பும் காசு குடும்பத்துக்கான உதவி. அது வருமானம் அல்ல. ஆகவே அவர் செலுத்த வேண்டிய வரி பூச்சியம். வங்கி பிடித்தது முற்பணம்தான். விபரத்திரட்டைத் தாக்கல் செய்து, பிடித்த வரிக்கான சான்றிதழைக் காட்டினால் மீளளிப்புக் கோரலாம்.

2026 மார்ச் 31இல் முடிந்த மதிப்பீட்டு ஆண்டுக்கான விபரத்திரட்டைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2026 நவம்பர் 30. இப்போது ஜூலை. "நாலு மாசம் கிடக்குத்தானே" என்று எவரும் சொல்வார்கள். ஆனால் மீளளிப்பு வேண்டியவருக்குக் காத்திருப்பதால் ஒரு இலாபமும் இல்லை. விண்ணப்பம் பிந்தினால் பரிசீலனையும் பிந்தும். அதுவரை அவருடைய காசு திறைசேரியில் இருக்கும்.

பெரியம்மாவின் தயக்கம் வேறு. "பெயரைக் குடுத்தால் பிறகு வந்து கேப்பினம்" என்றார். பொலிஸ் பதிவு, வீட்டில் இருப்போர் பட்டியல், முகாம் பதிவு என்று பதிவோடு எங்கள் சனத்துக்கு இருக்கும் பழக்கம் அப்படி. அதைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் வங்கிக் கணக்கு ஏற்கெனவே அவருடைய பெயரில்தான் இருக்கிறது, வரியும் அவருடைய பெயரில்தான் பிடிபட்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒதுங்கி நிற்பதால் போவது அவருடைய காசு மட்டும்தான். வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் இலக்கம், எடுத்தவர் எல்லோரும் வரி கட்ட வேண்டும் என்பதும் தவறான எண்ணம். இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருப்பது வேறு.

வரி கட்ட வேண்டியவர்களுக்குத்தான் நவம்பர் 30 என்ற திகதி பொறியாகிறது. விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. ஆனால் மிச்ச வரியைக் கட்டி முடிக்கக் கடைசி நாள் செப்டெம்பர் 30. கணக்குப் பார்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே காசு கட்டியிருக்க வேண்டும்! நவம்பரில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர், தான் ஏற்கெனவே பிந்திவிட்டதை அப்போதுதான் அறிவார். தண்டமும் வட்டியும் அதற்குள் தொடங்கியிருக்கும்.

பேராதனைப் பக்கம் ஒரு உதாரணம் எடுப்போம். மாதம் 2 இலட்சம் சம்பளம் வாங்கும் ஒருவர், வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாதம் 25,000 ரூபாவுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார். சம்பளம் ஆண்டுக்கு 24 இலட்சம். 18 இலட்சம் கழித்து மிச்ச 6 இலட்சத்துக்கு 6 வீதப்படி 36,000 ரூபாவை வேலைத்தளமே பிடித்துக் கட்டிவிடும். "என்ர வரி முடிஞ்சுது" என்று அவர் இருந்துவிடுவார். ஆனால் வாடகை 3 இலட்சம் கணக்கில் வரவில்லை. அதில் 25 வீதம் நிவாரணம், அதாவது 75,000 போக, 2 இலட்சத்து 25 ஆயிரம் வரிக்குரியது. 6 வீதப்படி 13,500 ரூபா. இதைச் செப்டெம்பர் 30க்கு முன் கட்டினால் கதை முடிந்தது.

கட்டாமலும் விபரத்திரட்டைக் கொடுக்காமலும் விட்டால்? 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, பிந்திய தாக்கலுக்கான தண்டம் இரண்டு விதமாகக் கணிக்கப்பட்டு, எது பெரிதோ அது விதிக்கப்படும். ஒன்று, வரியின் 5 வீதமும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாவும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவும். உச்சம் 4 இலட்சம். 13,500 ரூபா வரிக்காரருக்கு இரண்டாவதுதான் வந்து விழும். சிறிய வருமானக்காரரைத்தான் இந்தச் சட்டம் கூட அடிக்கிறது என்பது என் கருத்து. ஆனால் மாறும்வரை சட்டம் அதுதான்.

முந்திக் கொடுத்தால் காசையும் முந்திக் கட்ட வேண்டுமோ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ஜூலையில் விபரத்திரட்டைக் கொடுத்துவிட்டு வரியைச் செப்டெம்பரில் கட்டலாம். தொகை தெரிந்திருப்பதால் இரண்டு மாதத்தில் சேர்த்துவைக்கலாம், அவ்வளவுதான்.

கடந்த நவம்பரைக் கண்டியில் இருந்த எவரும் மறக்க மாட்டோம். 27, 28ஆம் திகதிகளில் டித்வா புயலின் மழை மலைகளைச் சரித்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக அதிகமான உயிர்கள் போனது கண்டி மாவட்டத்தில்தான். வீதிகள் மூடுண்டு, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் இருந்தோம். விபரத்திரட்டின் கடைசித் திகதி அந்த ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 30. அந்த வாரத்தில் யாருக்கு வரி ஞாபகம் வரும்? பேரிடரில் திகதிகள் நீடிக்கப்படலாம், ஆனால் மண்ணுக்குள் போன பத்திரங்கள் நீடிப்பால் திரும்பி வராது. நான் செப்டெம்பரில் கொடுத்து முடித்திருந்தேன். என் கெட்டித்தனம் அல்ல, வேறொரு வேலைக்கு வருமான அத்தாட்சி தேவைப்பட்டதால் கொடுத்தது.

பத்திரங்கள் என்று வரும்போது எங்களுக்குக் கூடுதலாக நேரம் வேண்டும். பெரியம்மாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. இடம்பெயர்ந்தபோது தொலைந்து, பிறகு எடுத்த பிரதிகளில் எழுத்து மாறியிருக்கிறது. இப்படியான பெயர்ச் சிக்கலைத் தீர்க்கக் கிராம அலுவலர், பிரதேச செயலகம், வங்கி என்று அலைய வேண்டி வரலாம். நவம்பர் கடைசி வாரத்தில் அது நடக்காது. மொழியும் அப்படித்தான். அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. உரிமை இருந்தும், கடைசி நாள் வரிசையில் பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது தமிழ் தெரிந்த அலுவலரைக் கூப்பிடச் சொல்ல வாய் வராது. ஜூலையில் கேட்டுவிட்டு ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்கலாம். கண்டியில் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தொலைபேசியில் கேட்க 1944.

எசல பெரஹரா தொடங்கினால் நகருக்குள் போய்வருவதே பெரும்பாடு என்பதால், போன வாரமே பெரியம்மாவை வங்கிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு அலுவல். ஒன்று, பிடித்த வரிக்கான சான்றிதழ். அதில் டின் இலக்கம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். மற்றது, தன் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாது என்ற சுயபிரகடனம். அதைக் கொடுத்தால் வங்கி இனி வரும் வட்டியில் 10 வீதத்தைப் பிடிக்காது. மதிப்பீட்டு ஆண்டுக்கு ஆண்டு புதிதாகக் கொடுக்க வேண்டும், டின் இலக்கமும் வேண்டும். போன வருடமே இதைக் கொடுத்திருந்தால் 20,000 ரூபா பிடிபட்டே இருக்காது.

பெரியம்மா தமிழில் கையெழுத்து வைத்தார். பிரதி ஒன்று கேட்டு வாங்கி, முகாம் அட்டையும் காணி உறுதியும் கிடக்கும் அதே பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்தார். சான்றிதழ் வர இரண்டு வாரம் என்றார்கள். வந்ததும் விபரத்திரட்டை நிரப்புவோம்.