சிறுகுடல் செல்: உதிர்வா, வெளியேற்றமா?

சிறுகுடலின் உட்சுவரை மூடியிருப்பது ஒரே ஒரு செல் அடுக்கு. ஒருபுறம் உணவும் பாக்டீரியாவும், மறுபுறம் இரத்தக் குழாய்கள். குடலுறிஞ்சிகள் என்னும் விரல் போன்ற நீட்சிகளின் அடியிலுள்ள குழிகளில் குருத்துச் செல்கள் பிரிந்து புதிய செல்கள் பிறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மேல்நோக்கி நகர்ந்து, மூன்று முதல் ஐந்து நாட்களில் நுனியை எட்டி உதிர்கின்றன. உணவு உரசித் தேய்வதால்தான் இந்த உதிர்வு என்று தோன்றலாம். ஆனால், 2009-இல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் எலியின் குருத்துச் செல்லிலிருந்து ஆய்வகத்தில் குட்டிக் குடல்களை வளர்த்தபோது, அவற்றின் உட்குழியிலும் இறந்த செல்கள் குவிந்தன. அங்கே உணவும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. ஆகவே, உதிர்வு என்பது தேய்மானம் அல்ல. திசுவே நடத்தும் வெளியேற்றம்.

அதை நடத்துவதில் பெரும்பங்கு அண்டை செல்களுக்கு. வெளியேறவிருக்கும் செல்லைச் சுற்றி ஆக்டின் புரத இழைகள் வளையமாகத் திரள்கின்றன. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல வளையம் இறுக, செல் மேலே பிதுங்குகிறது. அதே இழுப்பில் அண்டை செல்கள் அடியில் ஒன்றுசேர்ந்து இடைவெளியை அடைத்துவிடுகின்றன. நெரிசல் மிகுந்த இடத்தில் உயிருள்ள செல்களே தள்ளப்பட்டு, பிடிமானம் இழந்தபின் இறப்பதை 2012-இல் ஜோடி ரோசன்பிளாட் குழுவினர் காட்டினர். மனிதச் சிறுகுடலில் உதிரும் செல்களிலோ, மரணத்தைத் தொடங்கிவைக்கும் காஸ்பேஸ் நொதி முன்பே விழித்திருக்கக் காண்கிறோமே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே, இறப்பு முந்துவதும் உண்டு, பிந்துவதும் உண்டு. எது முந்தினாலும் அடைப்பு தவறக் கூடாது என்பதே முக்கியம்.

இத்தனை செல்களைக் கொட்டுவது வீண் செலவு இல்லையா? மனித உடலில் நாளொன்றுக்குப் புதுப்பிக்கப்படும் ஏறத்தாழ 33,000 கோடி செல்களில், சுமார் 12 சதவீதம் குடலுக்குரியவை. ஆனால், உதிர்ந்த செல்லின் புரதத்தில் பெரும்பகுதி செரிக்கப்பட்டு மீண்டும் உறிஞ்சப்படுகிறது. நச்சையும் கிருமியையும் எதிர்கொண்ட செல் அங்கேயே தங்குவதுமில்லை. உண்மையான நட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அழற்சியில் டிஎன்எஃப் என்னும் புரதம் பெருகினால், அண்டை செல்கள் அடைக்கும் வேகத்தை உதிர்வு மிஞ்சிவிடும். கிரோன் நோய் போன்ற குடல் அழற்சி தணிந்திருந்தவர்களை 2012-இல் நுண்ணோக்கி பொருத்திய எண்டோஸ்கோப்பியால் சோதித்தனர். இரத்தத்தில் செலுத்திய சாயம் செல் உதிர்ந்த இடத்தில் கசிந்தவர்களுக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. எனவே குடலின் நலத்தை அளக்க, எத்தனை செல்கள் இறந்தன என்ற கணக்கு மட்டும் போதாது. அவை விட்டுச்சென்ற இடம் அடைபட்டதா என்றும் பார்க்க வேண்டும்.