இன்றைக்கு அவர் குடிக்கவில்லை

கார்த்திகை பிறந்தால் பல வீடுகளில் ஒரு நிம்மதி பிறக்கும். மாலை போட்டுவிட்டார், இனி ஒரு மண்டலத்துக்கு டாஸ்மாக் பக்கம் போகமாட்டார். அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்த பணத்தை மனைவி எடுத்து வெளியே வைக்கிறார். பிள்ளைகள் இரவில் கதவுச் சத்தத்துக்குப் பயப்படாமல் தூங்குகிறார்கள். வருடக்கணக்கில் நாள் தவறாமல் குடித்தவருக்கு உடல்ரீதியாக மிக ஆபத்தான நாட்களில் இவையும் அடக்கம் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மதுவைச் சட்டென்று நிறுத்தினால் அந்தக் கூடுதல் வேகம் மட்டும் அப்படியே நிற்கிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பித்தம் தலைக்கேறியதுபோல ஒரு நிலை வரும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளிடம் பேசுவார், காய்ச்சல் அடிக்கும். ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டார் அதைக் காற்றுக்கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போவதும் நடக்கிறது.

2020இல் ஊரடங்குக்காக மதுக்கடைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டபோது இந்த ஆபத்து ஊரறிய வெளியே வந்தது. கேரளத்தில் மது கிடைக்காத நிலையில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வர, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே ஆணையிட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள்; உயர் நீதிமன்றம் ஆணைக்குத் தடை விதித்தது. மதுவை நிறுத்தும்போது வரும் உபாதைக்கு மதுவே மருந்தாகாது, அதற்கென்று மாத்திரைகள் இருக்கின்றன என்பதே மருத்துவர்களின் வாதம். அந்த மாத்திரைகளை மருத்துவரின் கண்காணிப்பில் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் சில நாட்களில் பத்திரமாகக் கரையேறிவிடுகிறார்கள்.

காலையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை ஆடும்போது வீட்டில் அதற்கு ‘நரம்புத் தளர்ச்சி’ என்று பெயர். மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். “ஒரு கட்டிங் போட்டா சரியாயிடும்” என்று அவரே சொல்வார். சரியாகவும் ஆகிவிடும். குடித்தால் நிற்கும் நடுக்கம், உடல் மதுவுக்கு அடிமையாகிவிட்டதற்கு அடையாளம். இப்படிப்பட்டவரை “இன்றோடு விட்டுவிடு” என்று சத்தியம் வாங்கி அறையில் பூட்டிவைப்பது ஆபத்து.

கல்லீரல் அவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. வெகுகாலம் பொறுத்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில்தான் சொல்கிறது. கை கால் மெலிய வயிறு மட்டும் உப்புகிறது. ‘தொப்பை’ என்று வீடு நினைப்பது பல நேரங்களில் வயிற்றில் கோத்த நீர். காலில் வீக்கம், உள்ளங்கையில் சிவப்பு, மார்பில் சிலந்திக்கால் போன்ற மெல்லிய ரத்தக் கோடுகள், கண்ணில் மஞ்சள். மஞ்சளைப் பார்த்ததும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் போட்டு ஒரு வாரம் காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. குடிப்பவருக்கு வந்த மஞ்சள் காமாலையில் அந்த ஒரு வாரம் கைவிட்டுப் போனால் திரும்ப வராது. ரத்த வாந்தி எடுத்தாலும், மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

குடிகாரரோடு வாழ்பவர்கள் போதையைப் படிப்பதில் கைதேர்ந்தவர்கள். வாசலில் செருப்பு கழற்றும் ஓசையிலேயே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கணித்துவிடுவார்கள். அந்தத் தேர்ச்சியே சில சமயம் காலை வாரிவிடுகிறது. தள்ளாட்டம், குழறல், உளறல் எல்லாவற்றையும் போதைக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கல்லீரல் கெட்டு நஞ்சு மூளைக்கு ஏறினாலும் பேச்சு குழறும். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருப்பார், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தொங்கித் தொங்கி எழும். தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போனாலும் தள்ளாட்டமும் குழப்பமும் வரும், பார்வை இரண்டாகும். அப்போது தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். கூடவே தயமினும் போக வேண்டும். சில வாரங்களுக்கு முன் கீழே விழுந்து தலையில் பட்ட அடி உள்ளே மெல்லக் கசிந்து ரத்தக்கட்டாகியிருந்தாலும் இதே குழறல்தான். இன்றைக்கு அவர் குடிக்கவில்லை, ஆனாலும் குடித்தவர் மாதிரி இருக்கிறார் என்றால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய வேளை.

இன்னொரு ஆபத்தை வீட்டாரே நல்லெண்ணத்தில் வரவழைக்கிறார்கள். ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்’ என்று விற்கும் மருந்துகள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கலாம். குடிப்பவர் முழுச் சம்மதத்தோடு, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மாத்திரை அது. சாம்பாரில் கலப்பது அவர் உயிரோடு விளையாடுவது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கியது, குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த பிறகு. குடிப்பவரோடு குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை என்பதை அங்கே வழக்கமாக்கினார். அது அவசியம்தான். அலுவலகத்துக்குப் போன் போட்டுக் ‘காய்ச்சல்’ என்று பொய் சொல்வது, கடனை அடைப்பது, சொந்தக்காரர் கல்யாணங்களைத் தவிர்ப்பது என்று மனைவியின் வாழ்க்கையும் அந்த பாட்டிலைச் சுற்றியே ஓட ஆரம்பித்துவிடுகிறது. மருத்துவரிடம் போனாலும் “எப்பவாவது கொஞ்சம் குடிப்பார்” என்று குறைத்தே சொல்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் ஒளிக்காமல் சொன்னால்தான் சிகிச்சையின் அளவையே மருத்துவரால் முடிவு செய்ய முடியும்.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய இலவச எண்களில் குடும்பத்தாரும் பேசலாம். ஏஏ என்ற குடிநோயாளிகள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ், 1951இல் வீட்டாருக்கென்றே ‘அல்-அனான்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் கூட்டங்களுக்குப் போகக் கணவர் குடியை விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி அங்கே போகலாம்.