தாயே முதல் மாணாக்கி

யப்பான் தேசத்து நாகோயா நகரிலே வயலின் செய்யும் பெருந்தொழிற்சாலையொன்றை நிறுவி நடத்தியவர் மசாக்கிச்சி சுசுக்கி என்பவர். அவர்தம் மகனாக 1898ஆம் ஆண்டிற் பிறந்த சினிச்சி, வயலின்களின் நடுவே வளர்ந்தார். உடன்பிறந்தாரோடு சண்டை மூண்டவிடத்து அவற்றையே படைக்கலமாக ஏந்தியதும் உண்டாம். ஆயினும், அம்மரக்கூட்டினின்றும் உள்ளத்தை உருக்கும் நாதம் எழக்கூடும் என்பதை அவர் பதினேழாம் வயதளவிலேதான் அறிந்தார். மிசா எல்மான் என்னும் பெருங்கலைஞர் வாசித்த சூபேர்ட்டின் பாடலொன்றை இசைத்தட்டிற் கேட்டதே அவர் கண்ணைத் திறந்தது. உடனே தொழிற்சாலையினின்றும் ஒரு வயலினை எடுத்து வந்து தாமே பழகத் தொடங்கினார். பின்னர் 1921 முதற் பல்லாண்டுகள் பேர்லின் நகரில் கார்ல் கிளிங்கலர் என்னும் ஆசானிடம் பயின்றார்.

ஆயிரம் கருவிகள் வீட்டைச் சூழ இருந்தும், நல்லிசை செவியிற் படாதவரையிற் சிறுவனுக்கு அவை விறகுக்கு நிகராயின. பிற்காலத்தில் உலகு போற்றிய அவரது கல்விமுறை முழுவதற்கும் வித்து இங்கேயே கிடக்கின்றது.

நாடு திரும்பியபின், 1931ஆம் ஆண்டளவில், தொசியா எத்தோ என்னும் நான்கு வயதுச் சிறுவனை அவன் தந்தை அவரிடம் அழைத்து வந்தார். இத்துணை இளையவனுக்கு எவ்வாறு கற்பிப்பது? வளர்ந்தவர்க்குரிய பாடநூல்கள் உதவா. இவ்வாறு சிந்தித்திருந்த நாளிலேதான் யப்பானியக் குழந்தைகள் அனைவரும் யப்பானிய மொழியைத் தங்குதடையின்றிப் பேசுகின்றனரே என்னும் எளிய உண்மை அவருக்குப் பெருவியப்பாகத் தோன்றிற்று. எல்லார்க்கும் கண்கூடான ஒன்றைக் கண்டு வியத்தற்கும் ஓர் அறிவு வேண்டும்.

மொழி கற்பிக்கும் நம்போன்றார்க்கு இவ்வுண்மை அயலானதன்று. ‘அம்மாவுக்குத் தா’ என்று மூன்று வயதுக் குழந்தை நான்காம் உருபை இடமறிந்து பெய்து பேசுகின்றது. அதே குழந்தை பத்தாண்டு கழித்து வேற்றுமையியலின் முன்னே திகைத்து நிற்கின்றது. முன்னது தாய் மடியிற் செவிவழி வந்தது. பின்னது தேர்வின்பொருட்டு ஏட்டுவழி வந்தது. மழலை பேசும் பிள்ளையைப் பார்த்து, ‘இதற்கு மொழித்திறன் இல்லை, நிறுத்திவிடுவோம்’ என்று கூறும் தாய் எந்நாட்டிலும் இல்லை. இசையில் மட்டும் ஒரு திங்களிலேயே, ‘இவனுக்கு ஞானம் இல்லை’ என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். பிறவியிலேயே ஞானம் உண்டு, இல்லை என்னும் அத்தீர்ப்பைத்தான் சுசுக்கி மறுத்தார்.

போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டில், மற்சுமோட்டோ என்னும் மலைநாட்டு நகரில் அவரது கல்விப்பணி வேரூன்றிற்று. அங்கே முதலில் வயலின் பிடிப்பவர் குழந்தையல்லர், தாயே. தாய் ஒரு பாட்டையாவது பிழையற வாசிக்கக் கற்கும்வரை குழந்தையின் கையிற் கருவி கொடுக்கப்படுவதில்லை. அதுகாறும் அக்குழந்தை வீட்டிலே அப்பாட்டின் இசைத்தட்டை நாடோறும் கேட்கும். வகுப்பிலே பிற குழந்தைகள் வாசித்து விளையாடுவதைப் பார்த்திருக்கும். தாயின் கையில் இருப்பதோ குழந்தைக்கு அளவான சிறு வயலின். சில நாளில் ஆசை மீதூர, குழந்தை அதனைத் தாயின் கையினின்றும் பறிக்க முற்படும். ‘எனக்கும் வேண்டும்’ என்று அது கேட்கும் அந்நாளே பாடம் தொடங்கும் நாள். பசியை உண்டாக்கிய பின்பே உணவு இடப்படுகின்றது. நாமோ பசியாத வாயில் ஊட்டிவிட்டுப் பிள்ளை உமிழ்கின்றதே என்று சினக்கின்றோம்.

அச்சிறு கருவியை 1/16 அளவினது என்பர். பெயர்தான் அவ்வாறு, உண்மையில் அதன் உடல் ஏறத்தாழ 9 அங்குல நீளமுடையது, முழு வயலினோ 14 அங்குலம். முதற்பாடம் விண்மீனைப் பற்றிய மேலைநாட்டுக் குழந்தைப் பாட்டொன்றின் மெட்டு. அதனையே தாளம் வேறுபடுத்திப் பலவாறு வாசிப்பர். சுரக்குறி பார்த்து வாசித்தல் பின்னரே வரும், பேசப் பழகியபின் எழுத்துக் கற்பதுபோல. கற்ற பாட்டைக் கைவிடுவதும் இல்லை. நேற்றுக் கற்ற சொல்லை இன்று மறந்துவிட்டு எவரும் மொழி பேசுவதில்லையன்றோ?

வாரம் ஒருமுறையே ஆசிரியரைக் காணும் குழந்தைக்கு ஏனைய ஆறு நாளும் தாயே ஆசிரியை. அவள் வகுப்பில் உடனிருந்து குறிப்பெடுத்து, வீட்டிலே விரலையும் வில்லையும் நேராக்குவாள். சிறு பொழுதாயினும் நாள் தவறலாகாது. உணவு கொள்ளாத நாளில் மட்டும் பயிற்சியை விட்டுவிடலாம் என்று சுசுக்கி நகைச்சுவையாகச் சொல்வதுண்டு.

இம்முறையின் பயனை உலகு மெல்லவே அறிந்தது. 750 குழந்தைகள் ஒருங்கே பாக் இயற்றிய இரட்டை வயலின் இசையை வாசிக்கும் படச்சுருள் 1958இல் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியிற் காட்டப்பட்டது. 1961இல் ரோக்கியோவிற் குழந்தைகளின் வாசிப்பைக் கேட்ட முதுபெருங் கலைஞர் பாப்லோ கசால்ஸ் கண்ணீர் உகுத்தார். 1964இற் குழந்தைகள் பதின்மரை அழைத்துக்கொண்டு சுசுக்கியே அமெரிக்கா சென்றார். இவை இயந்திரம்போற் பயிற்றப்பட்ட குழந்தைகள், சுரக்குறி அறியாத கிளிப்பிள்ளைகள் என்று குறைகூறினாரும் உளர். குறி படிக்கும் பயிற்சி பின்தங்குதல் உண்மையே. சில ஆசிரியர் அதனை அளவின்றிப் பின்தள்ளியதும் உண்டு.

எனினும் பெரிய இடர் வேறிடத்தில் உள்ளது. தாய்க்கு இத்துணை இடங்கொடுத்த முறையில் தாயின் பெருமித வேட்கையும் உடன்புகும். ‘என் மகன் பெரிய கலைஞன் ஆவானா?’ என்று ஒரு தாய் வினவ, ‘ஆகான், நல்ல மனிதன் ஆவான்’ என்னும் கருத்துப்படச் சுசுக்கி விடையிறுத்தாராம். அத்தாய் மகிழ்ந்தாளோ வருந்தினாளோ, நாமறியோம். அண்டைவீட்டுப் பிள்ளை மூன்றாம் நூலுக்குப் போய்விட்டதே என்று தன் பிள்ளையை விரட்டும் தாய், அதன் முதற்பகையும் ஆகிவிடுவாள்.

தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைக்கு இம்முறையில் வழி யாது? கோஜி தொயோடா என்னும் சிறுவன் மூன்று வயதிற் சுசுக்கியிடம் பயிலத் தொடங்கியவன். போர்க்காலத்திற் பெற்றோரை இழந்தான், இருப்பிடமும் தெரியவில்லை. சுசுக்கி வானொலி வாயிலாக அவனைத் தேடிக் கண்டு, தம் குடும்பத்தோடு சேர்த்து வளர்த்தார். ஆண்டுகள் சில வயலினைத் தொடாதிருந்த கை அது. அச்சிறுவனே பின்னாளில் மேற்குப் பேர்லின் வானொலி இசைக்குழுவின் முதன்மை வயலின் கலைஞராக வீற்றிருந்தார். முன்னர்க் கூறிய தொசியா எத்தோவும் பிலதெல்பியாவிற் பயின்று அங்கேயே ஆசிரியராயினார்.

1998ஆம் ஆண்டு சனவரியில், நூறாம் ஆண்டை எட்டும் தறுவாயிற் சுசுக்கி மறைந்தார். ஒவ்வொரு படியையும் முடித்த குழந்தைகள் தம் வாசிப்பை ஒலிநாடாவிற் பதிந்து அவருக்கு அனுப்புவது வழக்கமாயிருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்த அந்நாடாக்களை அவர் விடியுமுன் எழுந்திருந்து ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்டபின் அதே நாடாவிற் குழந்தைக்குரிய சொற்களைத் தம் குரலிலேயே பதிந்து திருப்பியனுப்புவார்.