கடப்பாக்கல்லை உடைக்காதீர்கள்

பங்காருபேட்டையில் கொஞ்சம் பழைய வீடுகளின் சமையலறைக்குள் நுழைந்தால் மேடைக்கு அடியில் பெரும்பாலும் கடப்பாக்கல்தான் தெரியும். செங்குத்தாக மூன்று நான்கு பலகை, குறுக்கே ஒன்றிரண்டு, தலைமேல் கிரானைட். முன்னால் ஒரு துணித்திரை, அதன் பின்னால் குக்கர், இட்லிப் பானை, அரிசி டிரம். கிச்சனைப் புதுப்பிக்கலாம் என்று வீட்டுக்காரர் கிளம்பியதும் இன்டீரியர்காரர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "இதையெல்லாம் உடைச்சிடலாம் சார்." அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஆசையில் தப்பில்லை. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, சுரங்கக் குடியிருப்புகளான மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இருந்தவர்களுக்குப் பிழைப்பு பெங்களூரு என்றாகிவிட்டது. விடியற்காலை ரயிலில் பங்காருபேட்டை வழியாகப் போய், இருட்டிய பிறகு திரும்பும் கூட்டத்தில் ஒயிட்ஃபீல்டு பிளாட்டுகளின் பளபளக்கும் சமையலறைகளைப் பார்த்து வருகிறவர்கள் உண்டு, அவற்றைத் துடைக்கிறவர்கள் உண்டு, செய்து கொடுக்கிற ஆசாரிகளும் உண்டு. மூங்கில் தட்டிச் சுவர் வைத்த லைன் வீட்டில், ஒரு மூலையில் உட்கார்ந்து சமைத்த பாட்டிகளின் பேத்திகள் இவர்கள். சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் டிராயர் வேண்டும் என்று கேட்டால் கேட்கட்டுமே.

மாடுலர் கிச்சன் என்கிற இந்த அடுக்குப் பெட்டிச் சமையலறையின் பூர்வீகத்தில் ரயிலுக்கும் பங்கு உண்டு. 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறக்குறைய ஆறே கால் அடி அகலம், பதினொரு அடி நீளம், அவ்வளவுதான். ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை சிறிய இடத்தில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்பதும் அவருக்கு ஒரு பாடம். சர்க்கரை, பருப்பு வகைகளுக்குக் கைப்பிடி வைத்த அலுமினியப் பெட்டிகள். மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு அண்டாது என்பதற்காக. எந்தப் பொருளுக்கு எந்தப் பலகை என்று யோசித்துச் செய்த வேலை. நம் ஊர் ஷோரூமில் பேச்சு கலரில் தொடங்கிக் கலரிலேயே முடிந்துவிடுகிறது.

கலர் என்பது கதவு. கதவைப் பத்து வருஷம் கழித்துக்கூட மாற்றலாம். உள்ளே இருக்கும் பெட்டி என்ன பலகை என்பதில்தான் காசு கரைவதும் நிற்பதும். சிங்குக்குக் கீழே குனிந்து பாருங்கள். குழாய் மூட்டில் ஒரு சொட்டு கசிந்து, பெட்டியின் அடிப்பலகையில் ஓடி, எட்ஜ் பேண்ட் ஒட்டிய விளிம்பில் நிற்கும். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், பார்ட்டிக்கிள் போர்டு தண்ணீரைக் குடித்துப் பாலில் நனைந்த ரஸ்க் மாதிரி ஊதிவிடும். ஊதியது பிறகு வற்றாது. கீலின் திருகாணி பிடிமானம் இழந்து கதவு தொங்கும். எம்.டி.எஃப். கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே.

பிளைவுட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஐ.எஸ். 303 தரத்தில் எம்.ஆர். (ஈரம் தாங்குவது), பி.டபிள்யு.ஆர். (கொதிநீர் தாங்குவது) என்ற வகைகள் வருகின்றன. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு எடுத்தாலும் அடுக்கு பிரியக்கூடாது என்பது அதற்கு வைக்கும் சோதனை. எம்.ஆர். பலகைக்கு 60 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம்தான். கடைக்காரர் "வாட்டர்புரூஃப்" என்று சொல்வதை விட்டுவிட்டு, பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். வீடு முழுக்க மரைன் பிளை தேவையில்லை. சிங்குக்கு அடியிலும் தரையை ஒட்டிய வரிசையிலும் அது போதும். மேல் அலமாரிக்கும், இங்கே சஜ்ஜா என்கிறோமே அந்தப் பரணுக்குப் போடும் கதவுக்கும் பி.டபிள்யு.ஆர். தாராளம்.

ஸ்டீல் பெட்டி போடுகிறவர்கள் காந்தத்தை ஒட்டிக் காட்டுவார்கள். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல ரகமான 304 என்பார்கள். மட்டமான 202-லும் காந்தம் ஒட்டாது. கோலார் மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக எதன் மேல் பட்டாலும் வெள்ளைத் திட்டு விடும். அந்தத் திட்டோடு துருவும் சேர்ந்தால் 202-ஐப் பார்க்கச் சகிக்காது.

இப்போது அந்தக் கடப்பாக்கல்லைப் பாருங்கள். ஊதாது, துருப்பிடிக்காது, செல் அரிக்காது. 25 கிலோ அரிசி மூட்டையை வைத்தாலும் வளையாது. ஷோரூம்காரருக்கு அது இடைஞ்சல், ஏனென்றால் அவருடைய பெட்டிகள் 450, 600, 900 மில்லிமீட்டர் என்று தொழிற்சாலையிலிருந்து செய்து வருகின்றன. நமக்கு அது இலவசப் பெட்டி. முன்பக்கம் ஒரு ஃபிரேம் அடித்து ஷட்டர் மட்டும் மாட்டினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கொத்தனார் நிறுத்திய கல் தூக்குக்குண்டு பிடித்தாற்போல் நிற்காது. மேலே ஓர் அளவு, கீழே அரை அங்குலம் குறைச்சல். பலகைகளுக்கு நடுவே உள்ள ஒரு கண்ணை அளந்துவிட்டு அதே அளவில் நான்கு கதவு அறுக்கிற ஆசாரி வேண்டாம், ஒவ்வொரு கண்ணையும் மேலும் கீழும் அளக்கிறவர் வேண்டும்.

டிராயர் வேண்டுமென்றால் வேறு கணக்கு. கல்லில் துளை போட்டு, டிராயர் ஓடும் சேனலை மாட்டினால் கல் விரிசல் விடும். டிராயர் வரும் ஒரே ஒரு கண்ணுக்குள் மட்டும் மரைன் பிளையில் ஒரு பெட்டி செய்து செருகி, சேனலை அதில் மாட்டுவதுதான் சரி. கிரைண்டரையும் பித்தளைப் பாத்திரத்தையும் டிராயரில் வைக்கிற வீடு என்றால், சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

விலையில் ஒரு சூட்சுமம். ஒருவர் முன்பக்கத்தின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் பெருக்கிச் சதுர அடி சொல்வார். இன்னொருவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பலகையையும் கூட்டிச் சொல்வார். முதலாமவரின் ரேட் இரட்டிப்பாகத் தெரிந்தாலும் மொத்தத்தில் அவரே மலிவாக இருக்கலாம். கீல், சேனல், கூடை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டால்தான் இருவரையும் ஒப்பிட முடியும்.

சிலிண்டர் வைக்கும் கண்ணுக்குக் கதவு போடுவதாக இருந்தால், காற்று போகும் ஓட்டைகள் தரையை ஒட்டி இருக்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். அழகுக்காகக் கதவின் தலையில் மட்டும் ஜாலி வெட்டுவது பயன்படாது. அளவெடுக்கும்போது வெறும் சிலிண்டரை அளக்காமல், ரெகுலேட்டரை மாட்டி, அதைத் திருகக் கை நுழையும் இடத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள்.