தராசுக்கு முத்திரை உண்டு, கப்பிக்கு?

எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும் என்பது வணிகர்கள் அனைவரும் அறிந்ததே. தேதி தவறினால் அபராதம் என்பதால் நாம் தவறுவதில்லை. ஆனால் அதே கடையில் மாடிக் கிடங்குக்கு மூட்டை ஏற்றும் கப்பியையும் கயிற்றையும் கடைசியாக யார், எப்போது சோதித்தார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. தராசு தவறினால் சில கிராம் போகும். கயிறு தவறினால் கீழே நிற்கும் ஆளே போய்விடுவார்.

சேர்வராயன் மலை வணிகர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குச் சரக்கு வந்து சேர்ந்தாலும் வேலை முடிவதில்லை. நிலம் சரிவு. கடை சாலை மட்டத்தில் இருக்கும். கிடங்கு ஒரு மாடி மேலோ கீழோ இருக்கும். மழையும் மூடுபனியும் சேர்ந்து ஈரம் விடுவதில்லை. லீ பஜாரின் வெயிலில் காய்ந்து கிடக்கும் கயிறும் ஏற்காட்டில் தொங்கும் கயிறும் ஒரே நாளில் வாங்கியவையானாலும் ஒரே ஆயுள் உடையவை அல்ல. நார்க்கயிறு மேலே நன்றாகத் தெரியும், உள்ளே உளுத்திருக்கும். புரியைத் திருகிப் பிரித்துப் பாருங்கள். உள்ளிருந்து தூள் உதிர்ந்தால் அந்தக் கயிறு முடிந்தது. நைலான் கயிற்றுக்கு ஈரத்தைவிட வெயிலே பகை.

இரும்பு வடத்துக்குத் துறைமுகங்களில் நெடுங்காலமாக உள்ள கணக்கு எளிது: வடத்தின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குள், மொத்தக் கம்பிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் அறுந்து தெரிந்தால் பயன்படுத்தக் கூடாது. துருப்பிடித்திருந்தால் எண்ணவே வேண்டாம், கழித்துவிடலாம். கொக்கியை வாங்கிய அன்றே அதன் வாய் அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். பிறகு அது விரிந்திருந்தால், தாங்காத சுமையைத் தூக்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சுத்தியால் அடித்து நிமிர்த்துவது நம்மவர் வழக்கம். மிகத் தவறான வழக்கம்.

இரண்டு கயிறுகளில் மூட்டையைத் தொங்கவிடுகையில், சுமை பாதிப் பாதியாகப் பிரியும் என்று நினைக்கிறோம். கயிறுகள் நேராகத் தொங்கினால்தான் அப்படி. இரண்டுக்கும் இடையே கோணம் 120 பாகையானால் ஒவ்வொரு கயிறும் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கும். 100 கிலோ மூட்டைக்கு இரு பக்கமும் நூறு நூறு. அகலமாக விரித்துக் கட்டினால் பலம் என்பது வெறும் எண்ணமே. மூட்டையின் காதில் கொக்கியை மாட்டித் தூக்குவதும் வேண்டாம், காது கிழியும்.

ஆலைகளுக்கு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு, தூக்கும் கருவி, சங்கிலி, கயிறு ஆகியவற்றைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று வகுத்தது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. எந்தச் சட்டமானாலும், நாலைந்து பேர் வேலை செய்யும் மளிகைக் கடைக்குக் கப்பியைப் பார்க்க ஓர் இன்ஸ்பெக்டர் வரப்போவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழனி மலைக்கோயில் ரோப்காரை எண்ணிப் பாருங்கள். 2004-ல் தொடங்கியது, 2007 ஆகஸ்டில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். இன்று மாதம் ஒரு நாளும் ஆண்டுக்கொரு முறை பல நாட்களும் அதை நிறுத்திப் பராமரிக்கிறார்கள். மீண்டும் பக்தர்களை ஏற்றுவதற்குமுன் பெட்டிகளில் எடை வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். வருமானம் நிற்கத்தான் செய்கிறது. இருந்தாலும் நிறுத்துகிறார்கள்.

நமக்கு அத்தனை நாள் தேவையில்லை. தராசுக்கு முத்திரை போடும் அதே மாதத்தில் கப்பிக்கும் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். காப்பி அறுவடைக்கு முன்பான புரட்டாசி, ஐப்பசி இன்னும் நல்லது. செயின் பிளாக் வைத்திருப்போர் தகுதி பெற்ற பொறியாளரை அழையுங்கள். சிறிய கருவிகளுக்கு வழக்கமான சோதனைச் சுமை, குறித்த அளவைவிடக் கால் பங்கு கூடுதல். ஒரு டன் கருவிக்கு 1,250 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை இருபத்தைந்து. கருவி தாங்கினாலும் அது தொங்கும் உத்தரம் தாங்குமா என்பதை அவரே முதலில் பார்க்கட்டும். சோதிக்கும்போது ஓரடிக்கு மேல் தூக்க வேண்டாம். கீழே யாரும் நிற்க வேண்டாம். சோதித்த தேதியைக் கருவியின் மேலேயே பெயிண்டால் எழுதுங்கள்.

கழித்த கயிற்றை அன்றே முழத்துண்டுகளாக வெட்டிவிடுங்கள். மூலையில் சுருட்டிப் போட்டால், கடையில் கூட்டம் நிற்கும் ஒரு சனிக்கிழமை மாலையில் யாராவது எடுத்து மறுபடி கட்டிவிடுவார்.