செலவு முதல் நாள், வரவு பிறகு: ஜெர்மனியில் ஒரு குடித்தனக் கணக்கு

பேரனுக்கு ஆகட்டும் என்று பாட்டி காய்ச்சிக் கொடுக்கும் அரைக் கிலோ நெய்யிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையில் அதற்கு அனுமதி அளவு 0 கிராம். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர் பால், இறைச்சிப் பண்டம் எதையும் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. பால்கோவாவும் இதில் அடக்கம். கைக்குழந்தையின் பால்பொடிக்கு மட்டும், பிரிக்காத கடைப் பொட்டலமாக இருந்தால், ஆளுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். சான்றில்லாமல் வரக்கூடியவை ஐந்தே: அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, துரியன், தேங்காய். சட்னிக்குத் தேங்காய் உண்டு, தாளிக்க இலை இல்லை.

ஜெர்மனிக்குக் குடிபோகும் கணவன், மனைவி, இரண்டு வயதுப் பிள்ளை என்று மூன்று பேரை வைத்துக்கொள்வோம். கணவன் புளூ கார்டு என்கிற வேலை அனுமதியில் போகிறார். கீழே வருபவை 2025-க்கான தொகைகள். விசாக் கட்டணம் பெரியவருக்கு 75 யூரோ, பிள்ளைக்கு அதில் பாதி; மூவருக்கும் 187.50. யூரோவை 100 ரூபாய் என்று சுமாராகப் போட்டால் பதினெட்டாயிரத்துச் சொச்சம். இதைப் பெரிதாக நினைப்பவர்கள் வீடு தேடத் தொடங்கும்வரை காத்திருக்கலாம்.

அங்கே வாடகை இரண்டு வகை. வெறும் சுவர்களுக்கானது குளிர் வாடகை. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, படிக்கட்டுத் துப்புரவு எல்லாம் சேர்ந்தால் சூடான வாடகை. கணக்குக்காகக் குளிர் வாடகை 1,000, மேற்செலவு 250 என்போம். முன்பணமாக வீட்டுக்காரர் கேட்கக்கூடிய உச்சம் மூன்று மாதக் குளிர் வாடகை, அதாவது 3,000. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இது தயவாகத் தெரியும். ஆனால் அதை மூன்று சம தவணையாகக் கொடுக்கச் சட்டமே உரிமை தருகிறது என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. மொத்தமாகக் கொடுத்தால் முதல் மாதம் 4,250 கையைவிட்டுப் போகும். தவணை என்றால் 2,250. முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும் என்கிற நிலையில் அந்த 2,000 யூரோ வித்தியாசம்தான் மெத்தை, குளிர்சட்டை, கூட்டுகிற துடைப்பம்வரை எல்லாமே. தரகுக் கூலி பெரும்பாலும் பூஜ்யம்: 2015 ஜூன் முதல் தரகரை அமர்த்தியவரே கூலி கொடுக்க வேண்டும்.

கதவைத் திறந்தால் சமையலறை காலியாக இருக்கலாம். அடுப்பு, அலமாரி, சில ஊர்களில் பாத்திரம் கழுவும் தொட்டிகூட முன்பு குடியிருந்தவரோடு போயிருக்கும். சுவரில் குழாய்முனையும் மின்கம்பியும் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அடுப்புக்கு வருவது 400 வோல்ட் இணைப்பு என்பதால் மாட்ட மின்பணியாளரைக் கூப்பிட வேண்டும். மிக்ஸிக்கு அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் 120 வோல்ட்டில் திணறுகிற அதே மிக்ஸி ஜெர்மனியில் நம்மூரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அரைக்கும்; மூன்று முள் செருகிக்கு ஒரு மாற்றி போதும். அலுமினியக் குக்கர்தான் ஏமாற்றும், அடுப்பு இண்டக்ஷனாக அமைந்தால்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வரி எண் தபாலில்தான் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் கடிதம் திரும்பிப் போகும். இனிஷியலா, அப்பா பெயரா, எது கடைசிப் பெயர் என்பதைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரே மாதிரி எழுதி ஒட்டுவது செலவில்லாத வேலை. முதல் நாளே செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

சம்பளத்துக்கு வருவோம். புளூ கார்டுக்கான பொதுக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 48,300 யூரோ, மாதம் 4,025. இதில் தொழிலாளியின் பங்காக ஓய்வூதியம் 9.3, வேலையின்மைக் காப்பீடு 1.3, மருத்துவம் 7.3, அதன் கூடுதல் சராசரியாக 1.25, முதுமைப் பராமரிப்பு 1.8 விழுக்காடு. கூட்டினால் 20.95, மாதம் சுமார் 843 யூரோ. வருமான வரி தனி. பிடித்தம் அதிகம் என்று முணுமுணுக்குமுன் ஒரு வரியைப் பார்க்க வேண்டும்: பொதுக் காப்பீட்டில் வேலையில்லாத மனைவிக்கும் பிள்ளைக்கும் கூடுதல் பிரீமியம் 0.

பிள்ளைக்கு அரசு தரும் கிண்டர்கெல்ட் மாதம் 255 யூரோ. விண்ணப்பம் தாமதமானால் பின்தேதியிட்டு ஆறு மாதத்துக்கு மட்டும் தருவார்கள், அதிகபட்சம் 1,530. அதற்கு முந்தையது போனது போனதுதான். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்துக்கு அந்த ஆறு மாத வரம்பு கிடையாது. பெட்டியே வாங்காவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36, கடிதம் தாமதமாக வந்தாலும் குடிபுகுந்த மாதத்திலிருந்தே எண்ணிக் கேட்பார்கள். மேற்செலவின் இறுதிக் கணக்கை அனுப்ப வீட்டுக்காரருக்குக் கணக்காண்டு முடிந்தபின் 12 மாத அவகாசம். முதல் குளிர்காலத்தில் வெப்பமூட்டியை முழுசாகத் திருகி வைத்ததற்கான பில், அந்தக் குளிர் மறந்தபின் வரும்.

குழந்தைக் காப்பகமான கிட்டா, பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் இலவசம். சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. மற்ற பல மாநிலங்களில் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். சேர்க்க, இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கான சான்று வேண்டும். ஊரில் போட்ட ஊசி அட்டையைக் கைப்பையில் வைப்பது நல்லது.

பெர்லின் முறை என்று பெயர்பெற்ற பழக்கும் முறையில் முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ ஒரு மணி நேரம்போலக் கூடவே உட்கார்ந்திருப்பார்கள், பிரிவு கிடையாது. நான்காம் நாள் முதல் சோதனை: கூட வந்தவர் அறைக்கு வெளியே, அதிகம் போனால் 30 நிமிடம். முழுதாகப் பழக வாரக்கணக்காகும். வேலைக்குச் சேர்ந்தவருக்கோ ஆறு மாதம் முடிந்தால்தான் முழு ஆண்டு விடுப்பு உரிமை. அதுவரை மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. சட்டப்படியான 20 நாளில் அது ஒன்றே முக்கால் நாளுக்கும் குறைவு. அதனால் வாசலுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே அழுகை கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அம்மாதான். அவர் ஜெர்மன் வகுப்புக்குப் போவது அடுத்த மாதக் கணக்கில்.