கையில் இல்லாத இயந்திரம்

திருகோணமலை உட்துறைமுகத்தை ஒட்டியிருக்கிறது ஓர்ஸ் ஹில். ஊரார் உவர்மலை என்பார்கள். அங்கே கணினி விஞ்ஞானம் படிக்கும் ஒரு மாணவியிடம் பழைய மடிக்கணினி ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்ம் செயலி உள்ள சிறு மின்பலகை ஒன்றில் நிரல் எழுதிப் பார்க்க அவளுக்கு ஆசை. வங்கிகள் வைத்திருக்கும் ஐபிஎம் பெருங்கணினி எப்படி இயங்குகிறது என்று அறியவும் ஆசை. இரண்டையும் வாங்க வழியில்லை. ஆனால் இரண்டையும் அந்த மடிக்கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம். தரவிறக்க டேட்டா இருந்தால் போதும்.

இதற்கு உதவும் மென்பொருளின் பெயர் கியூஎமு. 2003இல் ஃபப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனிக் கட்டளை மொழி உண்டு. ஆர்ம் பேசுவது இன்டெலுக்கு விளங்காது. கியூஎமு இடையில் நின்று, ஆர்ம் கட்டளைகளைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து இன்டெல் கட்டளைகளாக மாற்றுகிறது. மாற்றியதைச் சேமித்தும் வைக்கிறது. அதே துண்டு மறுபடி வந்தால் சேமித்ததையே ஓட்டிவிடும். வன்தட்டு, வலையமைப்பு அட்டை, கடிகாரம் என்று மற்ற உறுப்புகளையும் மென்பொருளாலேயே உருவாக்கித் தருகிறது. உள்ளே ஓடும் இயங்குதளம் தான் உண்மையான கணினியில் இருப்பதாகவே எண்ணி வேலை செய்யும். இதுவே மெய்நிகர் இயந்திரம். உள்ளே எதைக் கெடுத்தாலும் மடிக்கணினிக்குப் பழுதில்லை. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

மொழிமாற்றத்தால் வேகம் குறையும். உள்ளேயும் வெளியேயும் ஒரே வகைச் செயலி என்றால் மாற்றவே தேவையில்லை. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெலும் ஏஎம்டியும் இதற்கான வசதியைச் செயலியிலேயே வைத்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம் என்ற மென்பொருள், 2007இல் லினக்ஸ் கருவுடன் சேர்ந்தது. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகள் நேரே செயலியில் ஓடும். வன்தட்டைத் தொடுவது போன்ற வேலை வரும்போது மட்டும் கட்டுப்பாடு வெளியே திரும்பும். ஒரே சேர்வரைப் பல வாடிக்கையாளருக்குப் பிரித்து வாடகைக்கு விடும் மேகக் கணிமையின் அடித்தளம் இந்த உத்திதான்.

கியூஎமு, கேவிஎம் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் கியூஎமுவின் நிரல் பத்து இலட்சம் வரிகளைத் தாண்டியது. புதிதாக வருபவர் எந்த வரியிலிருந்து தொடங்குவது? அதற்கான விடைதான் வழிகாட்டித் திட்டங்கள். 2005இல் கூகுள் தொடங்கிய சம்மர் ஒஃப் கோட், தொழில்நுட்பத் துறையில் இடம் குறைவாகக் கிடைத்தோருக்கான அவுட்ரீச்சி ஆகிய இரண்டிலும் கியூஎமு பங்கேற்று வந்திருக்கிறது. தேர்வாகுபவர் வீட்டிலிருந்தபடியே சுமார் பன்னிரண்டு வாரம் வேலை செய்வார், உதவித்தொகையும் உண்டு.

இதில் முதல் எழுத்தை எழுத வேண்டியவர் அனுபவசாலி. வேலையின் சுருக்கம், விளக்கம், படிக்க வேண்டியவை, தேவையான நிரல்மொழி, கடினத்தின் அளவு, வழிகாட்டியின் பெயர் எல்லாவற்றையும் அவர் ஒரு பக்கத்தில் எழுதி முன்மொழிய வேண்டும். "கியூஎமுவின் வேகத்தைக் கூட்டுக" என்பது நல்ல முன்மொழிவு ஆகாது. அதற்கு எல்லையே இல்லை. நல்ல முன்மொழிவு படிகளாகப் பிரிந்திருக்கும். ஆறாம் வாரத்தில் நின்றுபோனாலும் அதுவரை செய்தது பயன்பட வேண்டும். மூத்தவருக்கு இரண்டு நாள் வேலை என்றால் புதியவருக்கு இரண்டு வாரம் ஆகலாம். அந்தக் கணக்கும் அதில் இருக்க வேண்டும்.

நல்ல எடுத்துக்காட்டு மைக்ரோபிட். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிபிசி முன்னின்று உருவாக்கிய, உள்ளங்கைக்குள் அடங்கும் பலகை அது. 2018இல் அதைக் கியூஎமுவுக்குள் கொண்டுவரும் வேலை இந்தத் திட்டங்களில் சேர்ந்த பயிலுநர்களிடம் கொடுக்கப்பட்டது. தொடர் இணைப்பு, டைமர், தற்செயல் எண் உருவாக்கி என உறுப்பு உறுப்பாகக் கட்டினார்கள். ஒவ்வொன்றும் தனித்துச் சோதிக்கக்கூடிய துண்டு. ஒன்று முடிந்தால் அது அப்போதே மூல நிரலில் சேரலாம்.

இலங்கைக்கு இந்தப் பாதை புதிதல்ல. சம்மர் ஒஃப் கோட்டின் முதல் பத்தாண்டில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் தாக்கியபின், காணாமற்போனோரைத் தேடவும் உதவிகளை ஒருங்கிணைக்கவும் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற திறந்த மூல மென்பொருள், பின்னர் தானே வழிகாட்டும் அமைப்பாகி மாணவர்களை ஏற்றது. உதவி தேடிய நாடு கற்றுக்கொடுக்கும் நாடாகவும் ஆனது.

அந்த வழியில் பயின்றவர்கள் பலர் இன்று மூத்த பொறியாளர்கள். அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: நீங்கள் பராமரிக்கும் நிரலில், செய்யலாம் என்று பல நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையை எடுத்து, ஒரு பக்கத்தில் முன்மொழியுங்கள். மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றே கியூஎமுவைத் தரவிறக்கி, ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்புங்கள். உவர்மலை மாணவியிடம் மடிக்கணினி இருக்கிறது, அதற்குள் அவள் ஆசைப்பட்ட இயந்திரங்களும் வரும். இன்னும் எழுதப்படாமல் இருப்பது அந்த ஒரு பக்கம்தான்.